பாசிக்குள் போய் வரும் தூண்டில்

ஜூலை பிறந்ததும் சென் லூயி ஏரியின் கரை வேறு முகம் காட்டத் தொடங்கிவிடும். மே மாதத்தில் வெறும் நீராகக் கிடந்த ஆழமற்ற குடாக்களில், அடியிலிருந்து எழும்பிய பாசி நீர்மட்டத்தைத் தொட்டு அதன்மேலேயே படுத்துக் கிடக்கும். லஷீனில் உள்ள றெனே லெவெக் பூங்காவின் முனையில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் திறந்த நீர், இன்னொரு பக்கம் பச்சைப் பாய் விரித்தது போல நீர்ச்செடிகள். ஒட்டாவா நதியின் பழுப்பு நீரும் சென் லோறன்சின் பச்சை நீரும் சந்திப்பது இந்த ஏரியில்தான். சந்தித்த பின்னும் உடனே கலக்காமல் நெடுந்தூரம் அருகருகே ஓடுகின்றன.

அந்தக் கரையில் தூண்டில் போடும் நம்மவர்களிடம் கேட்டுப் பாருங்கள். “தம்பி, இங்க மீன் இல்லை. இழுத்தால் பாசிதான் வருது” என்பார்கள். பாசி வருவது உண்மை. மீன் இல்லை என்பதுதான் பிழை. வெயில் ஏறிய நாளில் மீன் அந்தப் பாசிக்குள்தான் இருக்கிறது. அதற்குள்ளே நிழல் உண்டு, ஒளிய இடம் உண்டு, சின்ன மீனும் தவளையும் பூச்சியும் உண்டு. ஆங்கிலத்தில் பெரிய வாய் பாஸ் என்றும் பிரெஞ்சில் அஷிகான் என்றும் சொல்லப்படும் மீன், அல்லி இலைக்கு அடியில் அசையாமல் நின்று மேலே ஏதாவது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும். ஆங்கிலத்தில் பைக் எனப்படும் புறோஷே பாசியின் விளிம்பில் கட்டை போலக் கிடந்து, பக்கத்தில் எது போனாலும் பாயும். இரண்டுமே மறைந்திருந்து பிடிக்கும் சாதி. மறைவிடத்தை விட்டு அவை வெளியே வருமென்று காத்திருப்பதைவிட, மறைவிடத்துக்குள்ளேயே தூண்டிலை அனுப்பி, அதைப் பாசி பிடிக்காமல் திரும்ப எடுப்பது நல்லது. அதற்காகக் கட்டப்படுவதுதான் பாசி மாட்டாத ஈ. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

ஈ என்றதும் இலையானை நினைக்காதீர்கள். தூண்டில் ஊசியில் இறகு, மயிர், நூல் கொண்டு கட்டப்படும் போலி இரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ஃப்ளை என்றே பெயர். அது தவளை போல இருந்தாலும் ஃப்ளைதான், எலி போல இருந்தாலும் ஃப்ளைதான். பெயர் வைத்தவர்கள் முதலில் கட்டியது பூச்சியைப் போல இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கி.பி. 200 அளவில் உரோமை நாட்டு எழுத்தாளர் ஏலியன், மக்கெதோனியர்கள் சிவப்புக் கம்பளி நூலை ஊசியில் சுற்றி இரண்டு சேவல் இறகை வைத்து மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். நற்செய்திகளில் மீன்பிடி என்றால் வலைதான். தூண்டில் வருவது மத்தேயு 17ஆம் அதிகாரத்தில், வரிப்பணத்துக்காகப் பேதுரு கடலுக்குப் போகும் இடத்தில் மட்டும். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கத்திலிருந்து வந்த நம் குடும்பங்களுக்கும் கடல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது வலைதானே.

ஆனால் குளத்தைக் கேட்டால் கதை வேறு. வன்னியில் குளத்து ஓரம் வளர்ந்த பெரியப்பாமார் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், விரால் பிடித்த கதையைக் கேட்டுப் பாருங்கள். அல்லியும் தாமரையும் மூடிய குளத்தில், தவளையை ஊசியில் கோர்த்து இலைக்கு இலை தத்த விடுவார்கள். விரால் இலையைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். லஷீனில் கோடையில் அஷிகானுக்குச் செய்வதும் இதுவேதான். உயிர்த் தவளைக்குப் பதிலாக, தவளை போலக் கட்டிய ஈ. அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்குள்ள நீரில் விராலை நினைவூட்டும் மீன் ஒன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் போஃபின் என்பார்கள். உருண்டு நீண்ட உடல், முதுகு நெடுக ஒரே துடுப்பு. பாசி அடர்ந்த சூடான நீரில், மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டுப் போகும். ஆண் மீன் குஞ்சுகளோடு கூடவே நின்று காவல் காக்கும். முதல் தடவை பார்க்கும் நம் ஊர்க்காரர் எவரும் “உது விரால் எல்லோ!” என்றுதான் சொல்வார். உறவு ஒன்றும் இல்லை. போஃபின் மிகப் பழைய மீன் வம்சம் ஒன்றில் எஞ்சியிருப்பது. ஒரே மாதிரியான வீட்டில் வாழ்வதால் பழக்கவழக்கம் ஒன்றாகிவிட்டது.

சரி, கட்டும் வேலைக்கு வருவோம். இது பனிக்காலத்து வேலை. ஜனவரியில் வெளியே மைனஸ் 20 இருக்கும்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து செய்யலாம். ஊசியைப் பிடித்து வைக்க ஒரு சிறிய வைஸ், நூல்கட்டையைத் தாங்கும் பொபின், கூர்மையான கத்தரிக்கோல், ஒரு குறடு, நகப்பூச்சு அல்லது பசை. தங்கைமாரிடம் நகப்பூச்சைக் கேட்டு வாங்குங்கள். சொல்லாமல் எடுத்தால் பிறகு வரும் சண்டைக்கு இந்தக் கட்டுரை பொறுப்பல்ல.

முதலில் எளிய வகை. ஊசியின் தண்டை, காதுக்குப் பின்னால் அரை சென்ரிமீற்றர் தள்ளிக் குறட்டால் பிடித்து, காதுப் பக்கத்தைக் கூர்முனை இருக்கும் பக்கமாக மிக இலேசாக வளைக்க வேண்டும். பார்த்தால் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் வளைவு போதும். பிறகு ஊசியைக் கூர்முனை மேலே பார்க்கும்படி வைத்து, அந்தச் சிறிய முன்பகுதியில், கூர்முனைப் பக்கமாக மான் வால் மயிரைக் கட்டினால், மயிர் பின்னோக்கிப் படுத்துக் கூர்முனையைக் கூரை போல மூடிக்கொள்ளும். தண்ணீரில் இது கூர்முனை மேலேயிருக்க நீந்தும். பாசித் தண்டு வந்து மோதினால் மயிர்மேல் வழுக்கி விலகிவிடும். மீன் கவ்வினால் மயிர் அமுங்கி முனை வெளியே வரும். இதன் ஆங்கிலப் பெயர் பென்ட்பேக். மயிருக்கு மேல் நாலைந்து மயிற்பீலி இழைகளை வைத்தால் சின்ன மீனின் கரிய முதுகு போலத் தெரியும். உலகமெங்கும் ஈ கட்டுபவர்கள் மயிற்பீலியை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நம் பக்கத்துப் பறவை அல்லவா.

வளைப்பதில் ஆசை கூடிவிடக் கூடாது. அதிகமாக வளைத்தால் தண்டுக்கும் முனைக்கும் இடையிலுள்ள வாய் சுருங்கி, பாசியும் மாட்டாது, மீனும் மாட்டாது.

இரண்டாவது வகைக்கு நம் கடற்கரைச் சொல் ஒன்று உதவுகிறது: தங்கூசி. நைலோன் தூண்டில் நூலுக்கு ஊரில் வழங்கும் பெயர் அது. 20 அல்லது 25 இறாத்தல் தாங்கும், விறைப்பான தங்கூசியில் ஒரு விரல் நீளத் துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு நுனியைக் குறட்டால் நசித்துத் தட்டையாக்கினால் நூலுக்குள் வழுக்காது. ஈயின் உடலைக் கட்டத் தொடங்கும் முன்பே, ஊசித் தண்டின் கடைசியில், வளைவு தொடங்கிச் சற்றுக் கீழிறங்கும் இடம்வரை, இதை நூலால் இறுக்கிச் சுற்றிவிட வேண்டும். மறுநுனி வால் போலப் பின்னால் தொங்கட்டும். இப்போது ஈயை முழுமையாகக் கட்டி முடியுங்கள். கடைசியில் அந்தத் தங்கூசியைக் கூர்முனைக்குக் கீழாகச் சுற்றி முன்னே கொண்டுவந்து, காதுக்குப் பின்னால் கட்டுங்கள். கூர்முனைக்குக் கீழே மூன்று நாலு மில்லிமீற்றர் இடைவெளியில் ஒரு வளையம் நிற்கும். இதைப் பாசிக் காப்பு என்று சொல்லலாம். காவலுக்கும் காப்பு, கையில் போடும் வளையலுக்கும் காப்பு; இது இரண்டுமாக இருக்கிறது.

இந்தக் காப்பைப் போட மிகப் பொருத்தமானது தவளை ஈ. கடையில் விற்பதற்கு மான் மயிரைச் செறிவாகக் கட்டிச் செதுக்குவார்கள். இங்குள்ள வெண்வால் மானின் உடல் மயிர் உள்ளே காற்றுப் பொந்துகள் கொண்டது, அதனால் மிதக்கும். இது புதிதல்ல. 1791இல் வெளிவந்த வில்லியம் பார்ட்ரமின் பயண நூலில், புளோரிடாவில் மூன்று ஊசிகளைச் சேர்த்து மான் வால் மயிரும் இறகும் கட்டி, நீர்ச்செடி ஓரங்களில் நீர்மட்டத்தைத் தொட்டுத் தொட்டு ஆட்டிப் பெரிய மீன் பிடித்தது விவரமாக இருக்கிறது. ஆனால் மான் மயிரைச் செறிவாகக் கட்டுவது பழகியவர் கைக்கே கடினம். தொடங்குபவருக்கு நான் சொல்வது பழைய பாட்டாச் செருப்பு. அதன் அடிப்பாகத்திலிருந்து பெருவிரல் நுனியளவு துண்டு வெட்டி, அடியில் ஒரு கீறல் கீறி, நூல் சுற்றிய ஊசித் தண்டில் பசை தடவிப் பொருத்துங்கள். இறப்பர் வளையத்தைக் கத்தரித்தால் கால்கள். பின்னால் கொஞ்சம் முயல் மயிர் அல்லது இறகு. வடிவாக இருக்க வேண்டியதில்லை. மீன் கீழேயிருந்து பார்ப்பது வானத்துக்கு எதிரே தெரியும் ஒரு நிழலைத்தான்.

இனி முக்கியமான இடம். காப்பு எவ்வளவு விறைப்பாக இருக்க வேண்டும்? பாசி மாட்டவே கூடாது என்று தடித்த தங்கூசியைப் போட்டால், மீன் கவ்வும்போதும் அது வளைந்து கொடுக்காது. முனை வாயில் இறங்காமல் ஈ வழுக்கி வந்துவிடும். மெல்லியதாகப் போட்டால் முதல் அல்லித் தண்டிலேயே சிக்கிக்கொள்ளும். நூறு வீதம் பாசி மாட்டாத ஈ என்று ஒன்று இல்லை. அப்படி ஒன்று இருந்தால் அதில் மீனும் மாட்டாது. ஆகவே கட்டுபவர் ஒவ்வொரு தடவையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது: இந்த ஈ எந்த இடத்துக்குப் போகிறது? அல்லி இலை, நாணல் போன்ற தடித்த தண்டுகளுக்கு விறைப்பான காப்பு. பாசியின் விளிம்புக்கும் இடைவெளிகளுக்கும் மெல்லிய காப்பு, அல்லது காப்பே இல்லாத பென்ட்பேக். விரல் நுனியை வளையத்தில் வைத்து மெதுவாக அழுத்திப் பாருங்கள். சிரமமில்லாமல் மடிந்து முனை விரலில் உரசினால் சரி. பிறகு நூலில் கட்டி, சன்னலோரத்தில் இருக்கும் கறிவேப்பிலைக் கன்றின் இலைகளுக்கு ஊடாக இழுத்துப் பாருங்கள். இலை பிய்யாமல் வந்தால் ஈ தயார். பிய்ந்தால் அம்மாவுக்குப் பதில் சொல்லத் தயாராகுங்கள்; மொன்றியலில் கறிவேப்பிலை வளர்ப்பது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும்.

கடையில் நல்ல ஈ ஒன்று சில டொலர்கள் ஆகும். அதைக் கையில் எடுத்தால், யார் கட்டியது என்றும் யோசியுங்கள். வட அமெரிக்கக் கடைகளில் தொங்கும் ஈக்களில் பெரும்பங்கு இங்கே கட்டப்படுபவை அல்ல. கென்யா, தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளோடு இலங்கையும் இந்தத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கிறது. ஏற்றுமதிக்கென்றே ஈ கட்டும் தொழிற்சாலைகள் அங்கே உண்டு. வரிசையாக உட்கார்ந்து கட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தான் வாழ்நாளில் காணாத ஏரிக்காக, தான் காணாத மீனுக்காக, ஒரு தங்கச்சி கட்டிய ஈ இங்கே புறோஷேயின் வாயில் மாட்டுகிறது. நீங்களே நாலு ஈ கட்டிப் பார்த்தீர்களானால், அந்தச் சில டொலர் அதிகமா குறைவா என்பது பற்றி உங்கள் கருத்து மாறக்கூடும்.

இவ்வளவு கஷ்டப்படுவது ஏன், பாசியைப் பிய்த்துக்கொண்டு இழுத்தால் போகாதா என்று ஒரு பையன் என்னிடம் கேட்டான். நியாயமான கேள்வி. இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, பிய்ந்த பாசி சாவதில்லை. நம் ஏரிகளில் பரவியிருக்கும் யூரேசிய மிரியோபில் என்ற செடி, இறகு போன்ற இலை கொண்டது, வெளியிலிருந்து வந்தது. அதன் ஒரு துண்டு ஒடிந்து மிதந்துபோனால் ஒதுங்கும் இடத்தில் வேர்விட்டுப் புதுச் செடியாகும். ஊசியில் கொத்துக் கொத்தாகப் பிய்த்து எறிபவர் தெரியாமலே நடுகைக்காரர் ஆகிவிடுகிறார். படகையும் சப்பாத்தையும் வேறு ஏரிக்குக் கொண்டுபோகும் முன் கழுவி உலர்த்தச் சொல்வதும் இதற்காகத்தான்.

மற்றது, பாசி எல்லாமே களை அல்ல. உள்ளூர் நீர்ச்செடிகளும் வெள்ளத்தில் மூழ்கும் புல்வெளிகளும் மீன்குஞ்சுகளின் தொட்டில். மொன்றியலுக்குக் கீழே நதி மீண்டும் விரிந்து சென் பியேர் ஏரியாகிறது. 2000இல் யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. அங்கே பேர்சோட் என்ற மஞ்சள் மீன் ஒரு காலத்தில் ஏராளம். எத்தனையோ குடும்பங்களின் தொழில் அது. 2012இல் அந்த மீனைப் பிடிப்பதையே அரசு முற்றாக நிறுத்தவேண்டி வந்தது. அளவுக்கு மீறிப் பிடித்தது ஒரு காரணம். முட்டையிடும் வெள்ளப்புல் வெளிகள் விவசாய நிலமாக மாறியதும், குஞ்சு ஒளியும் நீர்ச்செடி மெத்தைகள் மெலிந்ததும் பெரிய காரணங்கள். பிடிப்பதை நிறுத்தியும் மீன் எளிதில் திரும்பவில்லை. தொட்டில் இல்லாமல் பிள்ளை எங்கே வளரும்?

சிக்கிய நூலை அறுத்துவிட்டு வருவதும் இதோடு சேர்ந்ததுதான். தங்கூசி தண்ணீரில் உக்காது, ஆண்டுக்கணக்காகக் கிடக்கும். கொக்கின் கால், வாத்தின் கழுத்து, ஆமையின் துடுப்பு என்று எதையும் சுற்றும். ஒட்டாவா நதி விரியும் டூ மொந்தான் ஏரியில், கியூபெக் அரசு பாதிப்புக்குள்ளாகக்கூடியது என்று பட்டியலிட்ட வரைபட ஆமைகள் வாழ்கின்றன. ஓட்டில் வரைபடக் கோடுகள் போல இருப்பதால் அந்தப் பெயர். பாறைகளில் வரிசையாக வெயில் காய்வதைப் பார்த்தவர்களுக்கு, அறுந்த ஊசி ஒன்றை அந்த நீரில் விட்டுவர மனம் வராது. ஊசியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசித்துவிடுவது என் வழக்கம். மீனையும் எளிதாக விடலாம். உங்கள் காதில் குத்தினாலும் எளிதாக எடுக்கலாம். எடை வைப்பதானால் ஈயத்தை விட்டு பித்தளை மணி வையுங்கள். விழுங்கிய ஈயம் லூன் பறவைகளைக் கொல்கிறது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயக் குண்டுகளுக்கு 1997 முதல் தடை உண்டு.

கரையில் நிற்கும்போது சில விஷயங்கள். பாசிக்குள் மெல்லிய நூல் உதவாது. 8ஆம் எண் தடியும், நுனியில் 20 இறாத்தல் நூலும் வேண்டும். புறோஷே இருக்கும் இடத்தில் ஈக்கு முன்னால் ஒரு சாண் மெல்லிய உருக்குக் கம்பி கட்டாயம். அதன் பல் தங்கூசியைக் கத்தரி போல வெட்டும். தவளை ஈயை இலைமேல் போட்டு, வட்ட அலைகள் அடங்கும்வரை சும்மா விடுங்கள். பிறகு மெல்ல இழுத்து நீருக்குள் விழவிடுங்கள். அநேகமாக அந்த விழும் கணத்தில்தான் தண்ணீர் வெடிக்கும். வெடித்ததும் தடியைத் தூக்கத் துடிக்கும் கையை அடக்க வேண்டும். மீன் ஈயோடு திரும்பட்டும். நூலில் பாரம் தெரிந்த பிறகு, தடியை உயர்த்தாமல், நூலைக் கையால் நேராக, பலமாக இழுங்கள். காப்பு மடிய அந்தப் பலம் வேண்டும். மாட்டியதும் தயங்காமல் மேலே கொண்டுவாருங்கள். தலையைக் கீழே கவிழ்க்க விட்டால் அரைக் கிலோ மீன் ஐந்து கிலோ பாசியோடு வரும்.

பிடித்ததைச் சமைக்கலாமா என்று எல்லா வீட்டிலும் கேட்பார்கள். பிற மீனைத் தின்று பெருத்த பெரிய மீன்களின் தசையில் பாதரசம் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த அளவு மீனை மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று கியூபெக் அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டுச் சட்டியை அடுப்பில் வையுங்கள். பெரிய புறோஷேயைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. அதன் தசைக்குள் கவர் போன்ற முட்கள் வேறு நிறைந்திருக்கின்றன. குழம்பு வைத்தவர்களுக்குத் தெரியும்.

மொன்றியல் மீன்பிடி வலயம் 8இல் அடங்கும். அஷிகான் முட்டையிட்டுக் கூடு காக்கும் வசந்தத்தில் அதைப் பிடிக்கத் தடை. ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகே காலம் திறக்கும். பெரியவர்கள் அனுமதிப்பத்திரம் வாங்க வேண்டும். உங்கள் வயதுக்கான விதியையும் அந்த ஆண்டின் திகதிகளையும் அரசின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் ஒரு வாரஇறுதி, மீன்பிடி விழா என்ற பெயரில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். பனிக்காலத்தில் கட்டியதை முதலில் நனைத்துப் பார்க்க அது நல்ல நாள். லஷீன் நீர்வீச்சுக்கு அருகே ஓட்டம் கடுமை. அங்கே இறங்க வேண்டாம். குடாக்களில் கரையிலேயே நின்று போடலாம். கண்ணாடி அணியுங்கள், தொப்பி போடுங்கள். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் காப்பை விரலால் நேராக்கிக்கொள்ளுங்கள். பல் பட்டுக் கீறியிருந்தால் அந்த ஈயைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். புதிய காப்புக் கட்டப் பத்து நிமிடம் போதும்.